நாடாளுமன்றம் தன் பொறுப்பைக் கைவிட்ட மூன்றாண்டுகள்: வைமர் குடியரசின் வீழ்ச்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனநாயகங்கள் எப்படி வீழ்கின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஜெர்மனியின் வைமர் குடியரசு சான்றாக முன்வைக்கப்படுகிறது. ஹிட்லரை மக்களே வாக்களித்து ஆட்சியில் அமர்த்தினார்கள் என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் நாஜிக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. அத்தகைய தேர்தல்களில் அது தொட்ட உச்சம் 1932 ஜூலையில் பெற்ற 37.3 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் நடந்த அடுத்த தேர்தலில் அக்கட்சி சுமார் 20 லட்சம் வாக்குகளை இழந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த இறக்கத்துக்குப் பிறகுதான், 1933 ஜனவரி 30 அன்று, ஹிட்லர் அரசின் தலைவரான சான்சலராக நியமிக்கப்பட்டார். வாக்குப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வரிசை புரியாது. ஹிட்லர் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் ஆட்சி செய்யும் பொறுப்பைக் கைநழுவ விட்டதும், அந்தப் பொறுப்பு யார் கைக்குப் போனது என்பதும்தான் இந்த ஆய்வின் பொருள்.

தாங்கி நின்ற ஆண்டுகள்

முதல் உலகப் போரின் தோல்வியில், 1918 நவம்பரில் முடியாட்சி சரிந்த இடத்தில் பிறந்தது இந்தக் குடியரசு. 1919 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் ஃபிரீட்ரிக் எபர்ட் கையெழுத்திட்ட அரசியலமைப்பு, பெண்கள் உட்பட 20 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அடிப்படை உரிமைகளை விரிவாகப் பட்டியலிட்டது. அக்காலத்தில் உலகில் இருந்த மிக முற்போக்கான அரசியலமைப்புகளில் ஒன்று அது. தொடக்கத்திலிருந்தே அதற்குப் பகைவர்களும் இருந்தார்கள். நீதிபதிகள், உயர் அதிகாரிகள், படைத் தளபதிகள் என முடியாட்சிக் காலத்தவர்களே பெரும்பாலும் தத்தம் பதவிகளில் நீடித்தனர். அவர்களில் பலர் குடியரசைச் சகித்துக்கொண்டார்களே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை. 1923 நவம்பரில் மியூனிக்கில் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்ற ஹிட்லருக்குத் தேசத்துரோகக் குற்றத்தின் பேரில் ஐந்தாண்டு தண்டனை விதித்த நீதிமன்றம், முன்கூட்டியே விடுதலை பெறும் வழியையும் திறந்து வைத்திருந்தது. 1924 டிசம்பரிலேயே அவர் வெளியே வந்துவிட்டார்.

இத்தனை பகைக்கு நடுவிலும் குடியரசு முதல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. 1920 மார்ச்சில் வலதுசாரிப் படைப்பிரிவு ஒன்று பெர்லினைக் கைப்பற்றியபோது, படைத் தலைமை அதை எதிர்க்க மறுத்தது. அரசு தலைநகரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினர், அமைச்சகங்களின் அதிகாரிகள் புதிய ஆட்சியாளர்களின் ஆணைகளை நிறைவேற்ற மறுத்தனர், ஒரு வாரம் முடிவதற்குள் கிளர்ச்சி சரிந்தது. 1923 இன்னும் கொடியது. ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. நவம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 4.2 லட்சம் கோடி மார்க்கை எட்டியது. வாழ்நாள் சேமிப்பு அனைத்தையும் நடுத்தர வர்க்கம் சில மாதங்களில் இழந்தது. ஆனாலும் குடியரசு விழவில்லை. பொருளாதார நெருக்கடிதான் வைமரைக் கொன்றது என்று சொல்பவர்கள் இந்த 1923-க்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தின் கொடுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1923-இல் நெருக்கடியைக் கையாண்டவர்கள் குடியரசைக் காப்பாற்ற விரும்பினார்கள். 1930-இல் அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர்களுக்கு அந்த விருப்பமே இல்லை.

இந்த வேறுபாட்டை உருவாக்கியது 1925-ஆம் ஆண்டின் அதிபர் தேர்தல். பிப்ரவரியில் எபர்ட் இறந்தார். ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றில், போர்க்காலத் தளபதியும் முடியாட்சியின் விசுவாசியுமான பவுல் ஃபான் ஹிண்டன்பர்க் சுமார் 1.46 கோடி வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்த, குடியரசுக் கட்சிகளின் பொது வேட்பாளர் வில்ஹெல்ம் மார்க்ஸ் பெற்றவை சுமார் 1.37 கோடி. வெல்ல வாய்ப்பே இல்லாத கம்யூனிஸ்ட் வேட்பாளர் தேல்மான் களத்திலிருந்து விலகாமல் நின்று 19 லட்சம் வாக்குகளைப் பிரித்தார். ஏழாண்டுப் பதவிக்காலம் கொண்ட அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதே பின்னர் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

மூன்று பிரிவுகள் சேர்ந்தபோது

அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவு வைமர் வரலாற்றில் மிகவும் பேர்பெற்றது. பொது ஒழுங்குக்குக் கடும் ஆபத்து நேரும்போது அதிபர் தேவையான நடவடிக்கைகளை எடுக்கலாம், சில அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், படைபலத்தையும் பயன்படுத்தலாம் என்று அது கூறியது. ஆனால் அந்தப் பிரிவுக்குள்ளேயே ஒரு கடிவாளமும் இருந்தது: அந்த நடவடிக்கைகளை உடனே ரைக்ஸ்டாக்குக்குத் தெரிவிக்க வேண்டும், ரைக்ஸ்டாக் கோரினால் திரும்பப் பெற வேண்டும். எபர்ட் இந்த அதிகாரத்தை நூற்றுக்கும் மேற்பட்ட முறை பயன்படுத்தினார். 1923-இல் சாக்சனி மாநிலத்தின் இடதுசாரி அரசை நீக்கவும் இதுவே பயன்பட்டது. அந்த முன்னுதாரணம் பின்னாளில் நஞ்சாக மாறியது என்பதை அவரை மதிப்பவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அவர் காலத்தில் நெருக்கடி தணிந்ததும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத் திரும்பியது.

கடிவாளத்தை அறுத்தது 48-ஆம் பிரிவு தனியாக அல்ல. 25-ஆம் பிரிவின்படி அதிபர் ரைக்ஸ்டாக்கைக் கலைக்கலாம். 53-ஆம் பிரிவின்படி சான்சலரை அவரே நியமிக்கலாம், நீக்கலாம். இம்மூன்றையும் ஒருசேரக் கையாளத் துணிந்த அதிபர் ஒருவருக்கு நாடாளுமன்றமே தேவையில்லை. பெரும்பான்மை இல்லாத ஒருவரைச் சான்சலராக்கி, அவர் கேட்கும் சட்டங்களை அவசர ஆணையாகப் பிறப்பித்து, அந்த ஆணையை ரத்துசெய்ய ரைக்ஸ்டாக் முனைந்தால் அதைக் கலைத்து, தேர்தல் நடைபெறும் வரையிலான 60 நாட்களை ஆணைகளாலேயே ஓட்டிவிட முடியும். ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே ஏதோ ஒரு நியாயமான அச்சத்துக்கு விடையாக எழுதப்பட்டிருந்தது. மூன்றும் சேர்ந்தால் என்னவாகும் என்ற கணக்கை 1919-இல் போட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

1930 மார்ச் 27

என் பார்வையில், வைமர் நாடாளுமன்ற ஆட்சி முடிவுக்கு வந்த நாள் இதுதான். 1928 முதல் சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர் ஐந்து கட்சிக் கூட்டணி ஒன்றுக்குத் தலைமை தாங்கி வந்தார். கூட்டணியின் ஒரு முனையில் தொழிற்சங்கங்களின் ஆதரவு பெற்ற அவரது கட்சி; மறுமுனையில் தொழிலதிபர்களின் நலன் பேசும் ஜெர்மன் மக்கள் கட்சி. 1927-இல் கொண்டுவரப்பட்டிருந்த வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி, மந்தம் பரவத் தொடங்கியதும் வறண்டது. சந்தா விகிதத்தை 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்துவதா, உதவித்தொகையைக் குறைப்பதா என்பதுதான் சண்டை. கத்தோலிக்கர்களின் கட்சியான மத்தியக் கட்சியின் ஹைன்ரிக் புரூனிங் ஓர் இணக்கத் திட்டத்தை முன்வைத்தார். முடிவைத் தள்ளிப்போடும் அந்தத் திட்டம் பின்னால் உதவித்தொகைக் குறைப்புக்கே வழிவகுக்கும் என்று அஞ்சிய சமூக ஜனநாயக உறுப்பினர்கள், தங்கள் சொந்தச் சான்சலரின் விருப்பத்துக்கு மாறாக, அதை நிராகரித்தனர். முல்லர் அன்றே பதவி விலகினார்.

அரை சதவீதத்துக்காக ஓர் அரசைக் கவிழ்த்தார்கள் என்று அக்கட்சியை மட்டும் குற்றம் சாட்டுவது முழு நியாயமாகாது. மக்கள் கட்சிக்குள்ளும் கூட்டணியை முறிக்கத் துடித்தவர்கள் இருந்தனர். அதிபரைச் சூழ்ந்திருந்தவர்கள், குறிப்பாக ராணுவ அமைச்சகத்தின் குர்ட் ஃபான் ஷ்லைகர், சமூக ஜனநாயகவாதிகள் இல்லாத, நாடாளுமன்றத்தைச் சாராத ஓர் அரசுக்கு 1929 முதலே திட்டமிட்டு வந்தனர். இருந்தும், அந்தச் சூழ்ச்சிக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களே. ஆட்சியில் இருந்து கசப்பான முடிவுகளுக்குப் பழி ஏற்பதைவிட எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து தம் ஆதரவாளர்களைத் தக்கவைத்துக்கொள்வது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். அடுத்த முறை ஆட்சிக்கு வரலாம் என்ற நம்பிக்கை அந்தக் கணக்குக்கு அடியில் இருந்தது. அவர்களுக்கு அடுத்த முறை என ஒன்று வரவேயில்லை.

சில நாட்களிலேயே புரூனிங் சான்சலரானார். ஜூலையில் அவரது நிதி மசோதாவை ரைக்ஸ்டாக் நிராகரித்தபோது, அதே மசோதா 48-ஆம் பிரிவின் கீழ் ஆணையாக வந்தது. ஜூலை 18 அன்று அந்த ஆணையை ரத்துசெய்யும்படி 236-க்கு 222 என்ற வாக்குகளில் ரைக்ஸ்டாக் கோரியது. அன்றே ரைக்ஸ்டாக் கலைக்கப்பட்டது, ஒரு வாரம் கழித்து ஆணை மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. ஒழுங்குக் குலைவை அடக்க எழுதப்பட்ட அதிகாரம், நாடாளுமன்றம் மறுத்த வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றப் பயன்பட்டது. செப்டம்பர் 14 தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடங்களிலிருந்து 107-க்குத் தாவியது. பதவிக்காலம் முடிய இரண்டு ஆண்டுகள் இருந்த ஒரு நாடாளுமன்றத்தை, மந்தம் இறுகிக்கொண்டிருந்த வேளையில் கலைத்ததன் விலை அது.

பிறகு நடந்ததை எண்களே சொல்லும். 1930-இல் ரைக்ஸ்டாக் 94 நாட்கள் கூடி 98 சட்டங்களை இயற்றியது. அவசர ஆணைகள் 5. 1931-இல் கூட்டநாட்கள் 42, சட்டங்கள் 34, ஆணைகள் 44. 1932-இல் 13 நாட்கள், 5 சட்டங்கள், 66 ஆணைகள். ஹிட்லரைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சமூக ஜனநாயகக் கட்சி புரூனிங்கின் ஆணைகளை ரத்துசெய்யாமல் பொறுத்துக்கொண்டது. ஊதியத்தையும் உதவித்தொகையையும் வெட்டிய அந்த ஆணைகளின் காலத்தில், 1932 தொடக்கத்தில் பதிவு செய்த வேலையற்றோர் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. தன் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் முடிவுகளில் தன் பிரதிநிதிக்குப் பங்கே இல்லை என்று கண்ட வாக்காளர், நாடாளுமன்றமே வெறும் பேச்சுக்கூடம் என்று மேடைதோறும் முழங்கிய கட்சியை நம்பத் தொடங்கியதில் வியப்பு இல்லை.

பிரஷ்யா

புரூனிங்கை 1932 மே மாத இறுதியில் ஹிண்டன்பர்க் கைவிட்டு, ஃபிரான்ஸ் ஃபான் பாப்பனை அமர்த்தினார். பாப்பனுக்கு ரைக்ஸ்டாக்கில் ஆதரவு என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கானது.

ஜெர்மனியின் மக்கள் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்ய மாநிலத்தில் இருந்தது. அங்கே சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ பிரவுன் தலைமையிலான அரசு, குடியரசின் கடைசி அரணாக நின்றது. நாட்டின் மிகப் பெரிய காவல்துறை அதன் கையில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த மாநிலத் தேர்தலில் பெரும்பான்மையை இழந்து, மாற்று அரசு அமையாததால் அது இடைக்கால அரசாகத் தொடர்ந்தது. ஜூலை 17 அன்று ஆல்டோனா நகரில் நாஜிகளின் ஊர்வலத்தை ஒட்டி மூண்ட மோதலில் 18 பேர் இறந்தனர். அதையே காரணம் காட்டி, ஜூலை 20 அன்று 48-ஆம் பிரிவின் கீழ் பிரஷ்ய அரசு நீக்கப்பட்டது. பாப்பன் தாமே ஆணையராகப் பொறுப்பேற்றார். பலப்பிரயோகத்துக்கு மட்டுமே பணிவேன் என்று சொன்ன உள்துறை அமைச்சர் செவெரிங், சிறு காவல் குழு ஒன்று வந்து நின்றதும் அலுவலகத்தை விட்டு வெளியேறினார். 1920-இல் நாட்டைக் காத்த பொது வேலைநிறுத்தத்துக்கு இம்முறை அழைப்பு விடுக்கப்படவில்லை. 60 லட்சம் பேர் வேலை தேடி அலையும் நாட்டில் வேலைநிறுத்தம் எடுபடாது என்று தலைவர்கள் கருதினர். அந்தக் கணிப்பு தவறு என்று சொல்லிவிட இயலாது. நீதிமன்றத்தை நாடினார்கள். அக்டோபர் 25 அன்று வந்த தீர்ப்பு, பிரவுன் அமைச்சரவையைச் சட்டப்படி நீக்க முடியாது என்றது; அதே வேளையில் ஆட்சி அதிகாரம் ஆணையரிடமே இருக்கலாம் என்றும் அனுமதித்தது. பதவி ஒருவரிடமும் காவல்துறை மற்றொருவரிடமும் இருந்த அந்த ஏற்பாட்டில் யாருடைய கை ஓங்கும் என்பது வெளிப்படை.

மாநில அரசுகள் கலைக்கப்படுவதைப் பலமுறை கண்ட தமிழக வாசகருக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. இதன் முழு விளைவு ஆறு மாதம் கழித்தே தெரிந்தது. 1933 ஜனவரியில் ஹிட்லரின் அமைச்சரவையில் நாஜிகள் மூன்று பேர் மட்டுமே: ஹிட்லர், ஃப்ரிக், கோரிங். மற்ற பழமைவாத அமைச்சர்கள் நடுவே அவரைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று துணைச் சான்சலரான பாப்பன் நம்பினார். ஆனால் பாப்பன் மாநில அரசிடமிருந்து பறித்து வைத்திருந்த பிரஷ்ய உள்துறை இப்போது கோரிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. பிப்ரவரியில் நாஜிப் படையினர் துணைக் காவலர்களாகப் பட்டை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினர்.

சிவப்பு உறை

நாடாளுமன்றம் எவ்வளவு வெறுமையாகிவிட்டிருந்தது என்பதை 1932 செப்டம்பர் 12-ஆம் நாள் அமர்வு அருகிலிருந்து காட்டுகிறது. ஜூலை தேர்தலில் நாஜிகள் 230 இடங்களும் கம்யூனிஸ்டுகள் 89 இடங்களும் பெற்றிருந்தனர். 608 பேர் கொண்ட அவையில் குடியரசை ஒழிக்க நினைத்த இவ்விரு கட்சிகளுக்கே சேர்த்துப் பெரும்பான்மை இருந்தது. அவைத் தலைவர் நாற்காலியில் கோரிங். அமர்வு தொடங்கியதும் கம்யூனிஸ்டுகள் எதிர்பாராத விதமாக நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தனர். அதற்குத் தயாராக வந்திராத பாப்பன், இடைவேளையில் ஆளனுப்பி, அவையைக் கலைக்கும் ஆணை அடங்கிய சிவப்பு உறையை வரவழைத்தார். அவை மீண்டும் கூடியதும் பேச அனுமதி கேட்டு எழுந்தார். கோரிங் வேறு பக்கம் பார்த்தபடி, வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். பாப்பன் உறையை அவைத் தலைவரின் மேசைமீது வைத்துவிட்டுத் தம் அமைச்சர்களுடன் வெளியேறினார். தீர்மானத்துக்கு ஆதரவாக 512, எதிராக 42 வாக்குகள். அவை கலைந்துவிட்டதால் அந்த வாக்கெடுப்பு செல்லாது என்றாயிற்று. பாப்பன் பதவியில் நீடித்தார். பத்தில் ஒன்பது பேர் எதிர்த்து வாக்களித்த அரசு ஆட்சியில் தொடர்ந்தது. எதிர்த்த அந்த 512 பேராலும் சேர்ந்து ஓர் அரசை அமைக்க முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நவம்பர் தேர்தலில் நாஜிகள் பின்வாங்கினர்; அக்கட்சியின் கருவூலம் காலியாகிக்கொண்டிருந்தது. டிசம்பரில் சான்சலரான ஷ்லைகரைப் பழிவாங்க விரும்பிய பாப்பன், 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் வங்கியாளர் ஒருவரின் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்துப் பேரத்தைத் தொடங்கினார். ஜனவரி 30 நியமனம் அந்தப் பேரத்தின் முடிவு. வாக்குகள் சரிந்துகொண்டிருந்த ஒருவருக்கு, 85 வயது அதிபரைச் சூழ்ந்திருந்த ஒரு சிலர் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கடைசி வாக்கெடுப்பு

பிப்ரவரி 27 இரவில் ரைக்ஸ்டாக் கட்டடம் எரிந்தது. மறுநாளே 48-ஆம் பிரிவின் கீழ் பேச்சுரிமை, கூடும் உரிமை, தனிமனிதச் சுதந்திரம் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அந்த ஆணை 1945 வரை நீக்கப்படவில்லை. அச்சுறுத்தலுக்கு நடுவே நடந்த மார்ச் 5 தேர்தலிலும் நாஜிகள் 43.9 சதவீதத்தையே பெற்றனர். நாடாளுமன்றம் இல்லாமல் அரசே சட்டம் இயற்ற வழிசெய்யும் மசோதாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. மார்ச் 23 அன்று குரோல் இசையரங்கில் அவை கூடியபோது, உள்ளேயும் வெளியேயும் நாஜிப் படையினர் நிறைந்திருந்தார்கள். கம்யூனிஸ்டுகளின் 81 உறுப்பினர்களும் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தனர். தேவாலய உரிமைகள் குறித்த வாக்குறுதிகளை நம்பி மத்தியக் கட்சி ஆதரிக்க முடிவு செய்தது. எழுத்து வடிவில் தருவதாகச் சொன்ன உறுதிமொழி அதற்கு வந்துசேரவேயில்லை. எதிர்த்துப் பேசிய ஒரே கட்சித் தலைவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ். சுதந்திரத்தையும் உயிரையும் எங்களிடமிருந்து பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். 444 பேர் ஆதரித்தனர், 94 பேர் எதிர்த்தனர். அந்த 94 பேரும் அவருடைய கட்சியினர். அன்று அவர்கள் காட்டிய துணிவுக்கு முன், 1930-இல் அவர்கள் இழைத்த பிழையைப் பேசுவது எனக்கே கடினமாக இருக்கிறது. ஆனாலும் 1930-இல் கையிலிருந்தது ஆட்சி. 1933-இல் மிஞ்சியது மானம் மட்டுமே.

விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தால் கட்சிகள் சிதறியதே காரணம் என்ற வாதமும் உண்டு. 60,000 வாக்குக்கு ஓர் இடம் என்ற முறையில் சிறு கட்சிகள் பெருகியது உண்மைதான். ஆயினும் வீழ்ச்சிக்கு வழிகோலியவை சிறு கட்சிகள் அல்ல. பெரிய கட்சிகள் தமக்குள் இணங்க மறுத்ததும், இணங்காமலே காலம் தள்ள 48-ஆம் பிரிவு இடம் கொடுத்ததும்தான்.

பின்னர் எழுதப்பட்டவை

1949-இல் மேற்கு ஜெர்மனிக்கு அடிப்படைச் சட்டம் எழுதியவர்கள் இந்த மூன்றாண்டுகளைக் கண்முன் வைத்துக்கொண்டே எழுதினார்கள். அதிபரின் அவசர ஆணை அதிகாரம் போயிற்று. மாற்றுச் சான்சலரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரைக் கவிழ்க்க இயலாது என்று 67-ஆம் பிரிவு கூறியது. 512 பேர் கவிழ்க்க மட்டும் ஒன்றுசேர்ந்த காட்சிக்கு அது நேர் விடை. மனித மாண்பு, கூட்டாட்சி போன்றவற்றைத் திருத்தத்தாலும் தொட முடியாது என்றது 79-ஆம் பிரிவு.

அதே ஆண்டில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் நெருக்கடிநிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது, சபை உறுப்பினர் எச்.வி. காமத் வைமரைப் பெயர் சொல்லியே எச்சரித்தார். பிரிவுகள் நிறைவேறின. 1975 ஜூன் 25 அன்று அவற்றின் முழு வீச்சை நாடு கண்டது. 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. 1978-இல் 44-ஆம் திருத்தம், நெருக்கடிநிலையை அறிவிப்பதற்கான உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தை நீக்கி ஆயுதக் கிளர்ச்சி என்று மாற்றியது. ஜெர்மானியச் சட்ட அறிஞர் டீட்ரிக் கொன்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்புகள் உண்டு என்று ஆற்றிய உரை, வழக்கறிஞர்கள் வழியாக நீதிமன்றத்தை எட்டியது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்று வகுத்த 1973-ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பில் நீதிபதி எச்.ஆர். கன்னா அவரை மேற்கோள் காட்டினார். 1994 மார்ச் 11 அன்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, மாநில அரசைக் கலைத்தது நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும், நாடாளுமன்றம் ஒப்புதல் தரும் முன் சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது என்றும், கலைப்பு செல்லாது என்று காணப்பட்டால் நீக்கப்பட்ட அரசையே மீண்டும் பதவியில் அமர்த்தலாம் என்றும் வகுத்தது. 1932 அக்டோபரில் பிரவுன் அமைச்சரவை நீதிமன்றத்திடம் கேட்டுப் பெறாமல் போனது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.